குழந்தைக்காக ஊர் மாறலாமா? முகவரியும் ஓர் அமானிதமே

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பிற்குரிய சகோதரர்களே, சகோதரிகளே! முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும், தனிமையிலும் சபையிலும் அல்லாஹ்வை அஞ்சி நடக்குமாறு வஸிய்யத் செய்கிறேன்.

பிரிட்டனில் வாழும் நம் மக்களிடமிருந்து, அவர்கள் இலங்கையிலிருந்து வந்தவர்களாக இருந்தாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களாக இருந்தாலும், ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "ஹஸ்ரத், கல்யாணமாகி ஆறு வருஷமாச்சு, பிள்ளை இல்லை. நாங்க இருக்கிற பகுதியில அரசாங்கச் செலவுல ஒரு தடவைதான் ஐ.வி.எஃப். பண்ணுவாங்களாம். ஸ்காட்லாந்துல மூணு தடவை பண்றாங்களாம். அங்க போய் இருக்கலாமா? மார்க்கத்துல தடை உண்டா?"

இதற்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் மெதுவாக வரும். "நாங்க போகாம, அங்க இருக்கிற மச்சான் வீட்டு முகவரியை மட்டும் கொடுத்தா என்ன?"

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் இருக்கும் தூரம் என்ன என்பதுதான் இன்றைய ஜும்ஆவின் பேச்சு. பிள்ளை வேண்டி நிற்பவர்களுக்கு மட்டும் உரிய பேச்சு அல்ல இது. பள்ளிக்கூடத்தில் இடம் வாங்க, கவுன்சில் வீடு வாங்க, கட்டணச் சலுகை பெற என்று முகவரி எழுதும் ஒவ்வொருவருக்கும் உரியது.

பிள்ளை ஆசை ஈமானின் குறை அல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைக்காக ஏங்குவது, அதற்காக மருத்துவரிடம் போவது, தவக்குல் குறைந்தவர்களின் வேலை அல்ல. ஸகரிய்யா (அலை) அவர்கள் நபி. எலும்பு தளர்ந்து, தலை நரைத்த பிறகும் அவர்கள் ரப்பிடம் தனியாக, தாழ்ந்த குரலில் பிள்ளை கேட்டார்கள். ஸூரா மர்யமின் தொடக்கம் அந்த துஆவைத்தான் பேசுகிறது. அந்த ஏக்கத்தை அல்லாஹ் கண்டிக்கவில்லை, யஹ்யாவைக் கொடுத்தான்.

அதே குர்ஆன்தான் ஸூரா ஷூராவில் (42:49,50) இன்னொன்றையும் சொல்கிறது. சிலருக்குப் பெண் பிள்ளை, சிலருக்கு ஆண் பிள்ளை, சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவும் இல்லை. நான்கும் அல்லாஹ்வின் தீர்மானம். பிள்ளை இல்லாதவர் தண்டிக்கப்பட்டவர் என்று அந்த வசனங்களில் ஒரு சொல்கூட இல்லை. நம் தாய் ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தம் சகோதரி அஸ்மாவின் மகன் அப்துல்லாஹ்வின் பெயரால் அவர்கள் 'உம்மு அப்தில்லாஹ்' என்று அழைக்கப்பட்டார்கள். இந்த உம்மத்தின் பெரும் மார்க்க அறிஞர்களில் ஒருவர் பிள்ளை பெறாத ஒரு பெண்மணி என்பதை நம் வீட்டுப் பெண்களுக்கு நாம் நினைவுபடுத்த வேண்டும்.

சிகிச்சையைப் பொறுத்தவரை, உலமாக்கள் இதை நீண்ட நாள் ஆராய்ந்திருக்கிறார்கள். 1978 ஜூலையில் இங்கிலாந்தின் ஓல்டமில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள், 1980 மார்ச்சில், எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைக் ஜாதுல் ஹக் அலீ ஜாதுல் ஹக் இது பற்றி ஃபத்வா வழங்கினார்கள். 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் தீர்மானம் நிறைவேற்றியது. சுருக்கம் இதுதான்: திருமண பந்தம் நிலைத்திருக்கும்போது, கணவனின் விந்து, மனைவியின் கருமுட்டை, அந்த மனைவியின் கருப்பை, தேவையும் இருந்து, வேறொருவருடையது கலந்துவிடாமல் முழு எச்சரிக்கையும் எடுக்கப்பட்டால் ஆகும். மூன்றாவது மனிதர் எந்த வடிவில் நுழைந்தாலும் ஆகாது. ஏனென்றால் நஸப், வம்ச உறவு, காக்கப்பட வேண்டிய ஒன்று.

ஆகவே சிகிச்சை ஆகும். அது கடமை அல்ல. "எங்களுக்கு இது வேண்டாம், அல்லாஹ் கொடுத்தால் கொடுக்கட்டும்" என்று ஒரு தம்பதி முடிவு செய்தால் அவர்கள் மீதும் குற்றமில்லை.

ஏன் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது?

மருத்துவத் தரத்தை ஆராயும் நைஸ் என்ற அமைப்பு 2013இல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. இரண்டு ஆண்டுகள் முயன்றும் கரு தங்காத, 40 வயதுக்குக் குறைந்த பெண்ணுக்கு மூன்று முழுச் சுற்று ஐ.வி.எஃப். கொடுக்க வேண்டும் என்றது. 40 முதல் 42 வயது வரை, சில நிபந்தனைகளோடு ஒரு சுற்று. ஆனால் இது பரிந்துரைதான். இங்கிலாந்தில் பணத்தை ஒதுக்குவது அந்தந்தப் பகுதியின் என்.எச்.எஸ். வாரியம். 2022 ஜூலையில் இப்படி 42 வாரியங்கள் அமைந்தன. ஒவ்வொன்றும் தனக்கென விதி வைத்துக்கொள்ளலாம். பல இடங்களில் ஒரு சுற்றுதான். சில இடங்களில், எடுத்த கருமுட்டைகளிலிருந்து உருவான கருக்கள் எல்லாவற்றையும் வைத்துப் பார்க்காமல், ஒன்றிரண்டு கரு வைப்பதையே ஒரு சுற்று என்று கணக்கு முடித்துவிடுகிறார்கள். ஸ்காட்லாந்தில் தகுதியுள்ள 40 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மூன்று சுற்று, வேல்ஸில் இரண்டு.

தனியாரிடம் போனால் ஒரு சுற்றுக்கே 5,000 பவுண்டும் அதற்கு மேலும் ஆகும். சிலர் வட்டிக் கடனில் விழுகிறார்கள். வட்டிக்குப் போகாமல் ஊர் மாறலாம் என்று ஒருவர் யோசித்தால், அந்த யோசனையே அல்லாஹ்வின் அச்சத்திலிருந்து பிறந்ததாக இருக்கலாம். அவரைத் தந்திரக்காரர் என்று நாம் எடுத்த எடுப்பில் சொல்லிவிடக் கூடாது.

பசுமையான கரை

உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஸர்ஃக் என்ற இடத்தை அடைந்தபோது, ஷாமில் கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. முஹாஜிர்களைக் கேட்டார்கள், அன்ஸாரிகளைக் கேட்டார்கள், குறைஷிப் பெரியவர்களைக் கேட்டார்கள். பிறகு திரும்பிப் போவது என்று முடிவெடுத்தார்கள். அபூ உபைதா (ரலி) அவர்கள் அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று கேட்டபோது, ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். ஓர் உவமையும் சொன்னார்கள். ஒரு பள்ளத்தாக்கு, இரண்டு கரை. ஒன்று பசுமை, மற்றது வறண்டது. ஒட்டகத்தைப் பசுமையான கரையில் மேய்த்தாலும் அல்லாஹ்வின் விதிப்படிதான், வறண்ட கரையில் மேய்த்தாலும் அல்லாஹ்வின் விதிப்படிதான். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான சம்பவம் இது.

சிகிச்சை கிடைக்கும் ஊருக்குக் குடிபோகிறவர் பசுமையான கரைக்கு ஒட்டகத்தை ஓட்டிச் செல்கிறவர். அங்கே வாடகை கொடுக்கிறார், வேலை செய்கிறார், வரி கட்டுகிறார், அங்குள்ள ஜி.பி.யிடம் பதிந்துகொள்கிறார். அவர் அந்த ஊர்வாசி. அந்த ஊரின் பங்கில் அவருக்கும் பங்கு உண்டு. மதீனாவுக்குப் பிறகு வந்தவர்களை, "நீங்கள் இன்று வந்தவர்கள்தானே" என்று அன்ஸாரிகள் ஒதுக்கவில்லையே!

ஆனால் உவமையைக் கவனியுங்கள். அந்த மேய்ப்பன் ஒட்டகத்தோடு அந்தக் கரைக்குப் போகிறான். வறண்ட கரையில் உட்கார்ந்துகொண்டு, பசுமையான கரையில் தன் பெயரை எழுதி வைக்கவில்லை.

முதல் ஸஃப்பில் போட்ட துண்டு

ஜும்ஆவுக்கு ஒருவர் பத்து மைல் தாண்டி, சீக்கிரமே வந்து முதல் ஸஃப்பில் உட்காருகிறார். உள்ளூர்க்காரர் அவரைப் பார்த்து, "இது எங்கள் பள்ளி, பின்னால் போ" என்று சொல்ல முடியுமா? முடியாது. வந்தவருக்கே இடம். இன்னொருவர் வீட்டில் இருந்துகொண்டு, மச்சானிடம் துண்டைக் கொடுத்து முதல் ஸஃப்பில் போடச் சொல்கிறார். வந்து காத்திருந்தவர் அந்தத் துண்டைப் பார்த்துப் பின்னால் போகிறார். இருவரும் அதே இடத்தைத்தான் விரும்பினார்கள். ஒருவர் வந்து அடைந்தார், மற்றவர் வராமலே அடைத்துக்கொண்டார்.

மச்சான் வீட்டு முகவரி, அந்தத் துண்டு.

மார்க்கத்தில் 'ஹீலா' என்று ஒரு பாடமே உண்டு. இமாம் புகாரி (ரஹ்) தம் நூலில் அதற்கென ஒரு தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். எல்லா ஹீலாவும் ஹராம் அல்ல. மனைவியை நூறு அடி அடிப்பதாகச் சத்தியம் செய்திருந்த அய்யூப் (அலை) அவர்களுக்கு, ஒரு பிடி மெல்லிய புற்கட்டால் அந்தச் சத்தியத்தை நிறைவேற்றும் வழியை அல்லாஹ்வே காட்டினான் (38:44). அதனால் யாருடைய உரிமையும் போகவில்லை, ஒரு நல்ல பெண்ணுக்கு அடி தப்பியது. ஸப்த் நாளில் மீன் பிடிக்கத் தடுக்கப்பட்ட கடற்கரை ஊரின் கதையும் குர்ஆனில் இருக்கிறது (7:163). அவர்கள் அன்று வலையைப் போட்டு வைத்து மறுநாள் அள்ளினார்கள் என்று தஃப்ஸீர்கள் சொல்கின்றன. கையில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, காலால் அதன் நோக்கத்தை மிதித்தார்கள். முதலாவது ரஹ்மத், இரண்டாவது தண்டனைக்குரியது.

நம் காரியம் இதில் எது என்று எப்படி அறிவது? ஒரே ஒரு கேள்வியை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். எல்லா உண்மையையும் மேசை மீது வைத்த பிறகும் இது எனக்குக் கிடைக்குமா? கிடைக்கும் என்றால், பிஸ்மில்லாஹ் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். உண்மை தெரிந்தால் கிடைக்காது என்றால், அது பொய்யின் சம்பாத்தியம்.

ஒருவர் கேட்கலாம்: "நான் உண்மையாகவே குடிபோகிறேன். ஆனால் சிகிச்சை முடிந்ததும் திரும்பி வந்துவிடும் எண்ணம் இருக்கிறது. அது தந்திரமாகாதா?" இதே கேள்வியை வைத்துப் பாருங்கள். இத்தனை மாதம் பதிந்திருக்க வேண்டும் என்று அந்த வாரியம் கேட்டால், அத்தனை மாதம் நீங்கள் நிஜமாக இருக்கிறீர்கள். இங்கேயே நிரந்தரமாக இருப்பீர்களா என்று அவர்கள் கேட்காதவரை அது நிபந்தனை அல்ல. கேட்டால் மெய்யைச் சொல்லுங்கள். முஸ்லிம்கள் தாங்கள் ஏற்ற நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது நபிமொழியின் போதனை. எழுதப்படாத நிபந்தனையை நம் மீது நாமே சுமத்திக்கொள்ளவும் வேண்டாம், எழுதப்பட்டதை உடைக்கவும் வேண்டாம்.

படிவத்தில் மறைக்கப்படும் பிள்ளை

இதைவிடக் கனமான ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் பல பகுதிகளில், தம்பதியில் ஒருவருக்கு முந்தைய மணத்தில் பிள்ளை இருந்தால் அரசுச் செலவில் சிகிச்சை இல்லை. கணவருக்கு முதல் மணத்தில் ஒரு மகள், இப்போதைய மனைவிக்குப் பிள்ளையே இல்லை என்றாலும் மறுத்துவிடுவார்கள். ஸ்காட்லாந்தில் இருவரில் ஒருவருக்குச் சொந்தப் பிள்ளை இல்லையென்றாலே கேட்க முடியும்.

இப்படிப்பட்ட கணவர், படிவத்தில் "பிள்ளைகள்: இல்லை" என்று எழுதினால் என்ன நடக்கிறது? அவருடைய மகள் எங்கோ ஊரில் தாயோடு வளர்கிறாள். வாப்பா மாதாமாதம் பணம் அனுப்புகிறார், பெருநாளைக்கு வீடியோவில் பேசுகிறார். ஆனால் ஓர் அரசாங்கத் தாளில், தன் கையெழுத்தால், அவள் இல்லை என்று எழுதிவிட்டார். ஃபிக்ஹின்படி இதனால் நஸப் அறுந்துவிடாது. ஆனாலும் தன் பிள்ளை என்று தெரிந்துகொண்டே மறுக்கும் தந்தைக்கு ஹதீஸ்களில் வந்திருக்கும் எச்சரிக்கையை அறிந்தவர் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது கை நடுங்க வேண்டாமா? இனி வரப்போகும் பிள்ளைக்காக, வந்துவிட்ட பிள்ளையை இல்லாமல் ஆக்குவது எந்த நியாயத்தில் சேரும்? இப்படிப்பட்ட தம்பதி ஸ்காட்லாந்துக்குக் குடிபோவது, இங்கே அந்த ஒரு சொல்லை எழுதுவதைவிட ஆயிரம் மடங்கு சுத்தமானது. சிரமம்தான், ஆனால் அந்த மகளின் பெயர் படிவத்தில் தைரியமாக நிற்கும்.

"விதியே அநியாயமாக இருக்கிறதே!"

உண்மைதான். ஒரே நாடு, ஒரே வரி, ஒரே நோய். தெருவுக்கு இந்தப் பக்கம் இருந்தால் ஒரு வாய்ப்பு, அந்தப் பக்கம் இருந்தால் மூன்று. இங்குள்ள மக்களே இதைப் 'போஸ்ட்கோட் லாட்டரி' என்று நொந்து சொல்கிறார்கள்.

விசாவில் இருப்பவர்களின் மனக்குறை இன்னும் ஆழமானது. 2017 ஆகஸ்ட் 21 முதல் இங்கிலாந்தில், விசாவோடு சுகாதாரக் கட்டணம் செலுத்தி வந்திருப்பவர்களுக்குக் கருத்தரிப்புச் சிகிச்சை இலவசம் இல்லை. அந்தக் கட்டணம் 2024 பிப்ரவரியிலிருந்து பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு. பணமும் கட்டி, மருத்துவமனையில் இரவு வேலையும் பார்த்து, தனக்கு இல்லை என்று கேட்கும் ஒரு சகோதரியின் வேதனையை நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் அநியாயமான விதியைப் பொய்யால் தாண்டுகிறவர் அந்த அநியாயத்தைத் தீர்க்கவில்லை. தன் தோளிலிருந்து இறக்கி அடுத்தவர் தோளில் வைக்கிறார். வாரியத்தின் பணம் அளந்து கொடுத்த பணம். அந்த ஊரில் 39 வயதில் காத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு, ஒவ்வொரு மாதமும் ஒரு வருடம் போல. அவள் முஸ்லிமாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவள் முகம் நமக்குத் தெரியாது, அல்லாஹ்வுக்குத் தெரியும். நாளை மறுமையில் அவள் தன் உரிமையைக் கேட்டு வந்தால், "உன் நாட்டு விதி சரியில்லை" என்பது பதிலாகுமா?

அநியாயத்தைக் கண்டால் மொழிய வேண்டும். வாரியங்கள் விதியை மாற்றுவதற்கு முன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கின்றன. நம் பள்ளிவாசல்கள் அப்போது எழுதிக் கொடுக்கின்றனவா? பகுதி எம்.பி.யிடம் போகிறோமா? விதிவிலக்கான சூழ்நிலை உள்ளவர்களுக்குத் தனியாக விண்ணப்பிக்கும் வழியும் உண்டு. அதை நிரப்பத் தெரியாத சகோதரிக்கு, படித்த நாம் உட்கார்ந்து உதவுகிறோமா? இந்த வாசல்களைத் தட்டாமல் பின்வாசலைத் தேடுவது முஃமினுக்கு அழகல்ல.

பெட்டி கட்டும் முன்

உண்மையாகவே குடிபோக முடிவெடுப்பவர்களுக்கு மூன்று சொல்.

ஒன்று: இது கணவன் மனைவி இருவரின் முடிவாக இருக்கட்டும். ஊசியும் மருந்தும் வலியும் மனைவியின் உடம்பில். அவளை உம்மாவிடமிருந்தும் அக்காமாரிடமிருந்தும் பிரித்துத் தெரியாத ஊரில் தனியாக விடுவது சிகிச்சையைவிடக் கஷ்டமாக ஆகிவிடலாம். நம் ஆண்களில் சிலர் தங்களைச் சோதித்துக்கொள்ளவே மறுக்கிறார்கள். குறை ஆண் பக்கமும் இருக்கலாம் என்பதை மருத்துவம் தெளிவாகச் சொன்ன பிறகும், பழியைப் பெண் மீது போட்டு ஊர் ஊராக அழைத்துப் போவது ஜுல்ம்.

இரண்டு: பராமரிப்பில் இருக்கும் பெற்றோர், கொடுக்க வேண்டிய கடன், முதல் மணத்துப் பிள்ளையைப் பார்க்கும் உரிமை, இவற்றைக் கணக்கிட்டுப் போங்கள். ஓர் உரிமையைத் தேடிப் போகும்போது இன்னோர் உரிமை மிதிபடக் கூடாது.

மூன்று: எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கே, ஒரு கரு வைத்தால் பாதிக்கு மேற்பட்ட தடவை கைகூடுவதில்லை. மூன்று சுற்றும் முடிந்து வெறுங்கையோடு திரும்பும் தம்பதிகள் இருக்கிறார்கள். அவர்கள் தோற்றுப் போனவர்கள் அல்ல. ஹலாலான வழியில் எடுத்து வைத்த ஒவ்வோர் அடியும் அல்லாஹ்விடம் பதிவாகியிருக்கிறது.

ஜமாஅத்துக்கும் ஒரு சொல். சிலர் ஊர் மாறுவது சிகிச்சைக்காக மட்டுமல்ல. "விசேஷம் ஒன்றும் இல்லையா?" என்று ஒவ்வொரு வலீமாவிலும் கேட்கும் நம் வாய்களிலிருந்து தப்பிக்கவும்தான். அந்தக் கேள்வியை இன்றோடு நிறுத்துவோம்.

இப்ராஹீம் (அலை) கேட்டது

ஸூரா ஸாஃப்பாத்தில் அடுத்தடுத்து இரண்டு வசனங்கள் உள்ளன (37:99,100). முதலாவதில் இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் ஊரை விட்டு, தம் ரப்பை நோக்கிப் புறப்படுவதாகச் சொல்கிறார்கள். அடுத்ததில் பிள்ளை கேட்கிறார்கள். ஹிஜ்ரத்தும் பிள்ளைக்கான துஆவும் அங்கே ஒட்டி நிற்கின்றன. அவர்கள் கேட்டது வெறும் பிள்ளையை அல்ல, ஸாலிஹான பிள்ளையை.

பிள்ளை ஸாலிஹாக இருக்க வேண்டும் என்று கேட்பவர், அந்தப் பிள்ளையை அடையும் வழியும் ஸாலிஹாக இருக்க வேண்டாமா? என்றோ ஒரு நாள் அந்தப் பிள்ளை, "நான் எந்த ஊரில் உருவானேன்?" என்று கேட்கும். "உனக்காக நாங்கள் குளிரில் ஊர் மாறினோம், சின்ன வீட்டில் இருந்தோம், வரிசையில் நின்றோம்" என்று சொல்ல முடிந்த பெற்றோர் பாக்கியவான்கள். அந்தப் பதிலில் மறைக்க எதுவும் இல்லை.

யா அல்லாஹ்! பிள்ளைச் செல்வம் வேண்டி நிற்கும் எங்கள் சகோதர சகோதரிகளுக்கு ஸாலிஹான சந்ததியைக் கொடுப்பாயாக! நீ கொடுக்காமல் வைத்திருப்பவர்களுக்கு அழகிய பொறுமையையும் அதைவிடச் சிறந்த பகரத்தையும் தருவாயாக! எங்கள் நாவையும் பேனாவையும் பொய்யிலிருந்து காப்பாயாக! அடுத்தவர் உரிமை எங்கள் கழுத்தில் தொங்காத நிலையில் உன்னைச் சந்திக்கும் தவ்ஃபீக்கை எங்கள் அனைவருக்கும் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.